சித்தியைப் பிடித்த சீக்கு

போன வாரம் பூங்காவில் மூச்சுப் பயிற்சி சொல்லித்தர வந்த பெண், ஆளுக்கொரு உலர்திராட்சையை உள்ளங்கையில் வைத்து, அதை ஐந்து நிமிடம் சாப்பிடச் சொன்னாள் அல்லவா? முதலில் பாருங்கள், அப்புறம் முகருங்கள், அப்புறம் நாக்கில் வையுங்கள், கடித்துவிடாதீர்கள் என்றாள். நீங்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு பக்தியாகச் செய்தீர்கள். நான் ஒருத்திதான் சத்தம் போட்டுச் சிரித்து, அந்தப் பிள்ளையின் முகத்தைச் சுண்ட வைத்துவிட்டேன். வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவள் இப்படிச் செய்யலாமா என்று வருகிற வழியெல்லாம் என்னை ஏசினீர்கள். கேலிச் சிரிப்பு இல்லை, தாயே. எங்கள் வீட்டில் ஒருத்தி ஒரு பழச்சுளையை இதே மாதிரி தின்றதற்கு, பைத்தியம் என்று பட்டம் கட்டி, வைத்தியம் பார்த்து, வாழாவெட்டியாக அப்பன் வீட்டுக்கே அனுப்பிவிடப் பார்த்தார்கள். அந்த ஞாபகம் வந்துவிட்டது. நீங்களும் என் வயசுக்காரிகள்தானே, சொன்னால் உங்களுக்குப் புரியும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தென்காசியில் எங்கள் வீடு. ஆனி பிறந்து, மேற்கேயிருந்து காற்று இறங்கி, வெயிலும் தூறலுமாகச் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் ஊரெல்லாம் ஒரே பேச்சு, குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டது என்று. வெளியூர்க்காரர்களுக்கு சீசன் என்றால் அருவி. எங்கள் வீட்டுப் பெண்களுக்கு சீசன் என்றால் அடுப்பு. திருநெல்வேலி, தூத்துக்குடி, மதுரை என்று எங்கெங்கோ இருக்கிற சொந்தம் எல்லாம் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கும். பெரியப்பா மகளுடைய நாத்தனாரின் கொழுந்தன் என்று ஒருவர் வந்து நாலு நாள் தங்கினார். கடைசி வரை அவர் யார் வீட்டு ஆள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அவருக்கும் இட்லி போட்டோம்.

அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களின் பசி இருக்கிறதே, அது பொல்லாத பசி. ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். ஆட்டுரல் விடியுமுன் உருள ஆரம்பித்தால் மத்தியானச் சொதிக்குத் தேங்காய் அரைத்து, சாயங்காலம் வடைக்கு அரைத்துத்தான் ஓயும். அருவி எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம். ஆனாலும் சீசனில் எங்கள் வீட்டுப் பெண்கள் அந்தப் பக்கம் போனதில்லை. விருந்தாள் எல்லாம் போய், பாத்திரம் கழுவிக் கவிழ்த்து, அப்பாடா என்று நிமிர்ந்து பார்க்கும்போது அங்கே வெறும் பாறைதான் இருக்கும். இதை யாரும் ஒரு குறையாகச் சொன்னதும் இல்லை.

வீட்டுச் சாவிக்கொத்து அத்தையின் இடுப்பில். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள். கல்யாணமாகி இரண்டாம் வருஷமே மாமா தவறிவிட, பிறந்த வீட்டுக்கே வந்து வீட்டை இழுத்துப் பிடித்து நடத்தினவள். அத்தை கெட்டவள் இல்லை. உட்காரத் தெரியாதவள், மற்றவர்கள் உட்கார்ந்தாலும் பொறுக்காதவள், அவ்வளவுதான். என் அம்மா கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அத்தையின் பின்னாலேயே ஓடிப் பழகிவிட்டாள்.

இந்த ஓட்டத்துக்கு நடுவில்தான் சித்தி வந்து சேர்ந்தாள். சித்தப்பா பட்டாளத்தில் இருந்தார். தை மாதம் லீவில் வந்து, தாலி கட்டி, பத்து நாளில் வடக்கே திரும்பிப் போய்விட்டார். குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. சித்திக்குக் கீழப்பாவூர்ப் பக்கம் ஒரு கிராமம். அங்கே மழை என்றால் இடியோடு வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். நாள் முழுக்க முகத்தில் பூ மாதிரி விழுந்துகொண்டே இருக்கிற சாரலை அவள் அந்த வருஷம்தான் பார்த்தாள்.

பார்த்தாள் என்றால் சும்மா பார்க்கவில்லை. வாசல் தெளிக்கப் போனால் வாளியைக் கீழே வைத்துவிட்டு முகத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்பாள். காபியை நின்றபடி ஊற்றிக்கொள்வதுதான் எங்கள் வீட்டு வழக்கம். இவளோ துவைகல்லில் உட்கார்ந்து, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, ஆவியை முகத்தில் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பாள். சீசன் நேரத்தில், வீடு நிறைய ஆள் இருக்கும்போது, புது மருமகள் உட்கார்ந்து காபி குடிப்பதா! அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

கோயிலுக்குக் கூட்டிப்போனால் அதைவிட மோசம். தென்காசிக் கோயிலின் கோபுர வாசலில் அடிக்கிற காற்று உங்களுக்குத் தெரியுமே, ஆளையே தள்ளும். நாங்கள் எல்லாரும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு உள்ளே ஓடுவோம். சித்தி அந்த வாசலின் நடுவில் நின்றுவிட்டாள். கையை லேசாக விரித்து, கண்ணை மூடி, சிரித்துக்கொண்டு. தேங்காய்த் தட்டோடு வந்தவர்கள் எல்லாம் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். அத்தைக்குத் தலை நிமிர முடியவில்லை.

அப்புறம் அந்தப் பழம். மதுரையிலிருந்து வந்த விருந்தாள் அம்மாள் குற்றாலத்தில் ஒரு பை மங்குஸ்தான் வாங்கி வந்திருந்தாள். நாங்கள் பிள்ளைகள் தோலை நசுக்கி உடைத்து, கையெல்லாம் ஊதாக் கறையோடு, வாயில் போட்டு விழுங்கிக்கொண்டிருந்தோம். சித்தி ஒன்றே ஒன்றை எடுத்தாள். மெல்லப் பிளந்து, உள்ளே வெள்ளை வெளேர் என்று இருந்த சுளைகளைப் பார்த்து, "ஏட்டி, பூண்டு உரிச்சு வச்ச மாதிரில்லா இருக்கு!" என்று எனக்குக் காட்டினாள். ஒரு சுளையை நாக்கில் வைத்து வாயை மூடினாள். மூடினவள் மூடினவள்தான். ஆளையே காணோம் என்கிற மாதிரி ஒரு அமைதி அந்த முகத்தில்.

"என்ன, உங்க வீட்டுப் பொண்ணுக்குச் சாமி எதுவும் வருதா?" என்று மதுரை அம்மாள் அத்தையைக் கேட்டாள். கேட்டுவிட்டு அடுத்த பழத்தை உடைத்தாள். அத்தை முகம் கறுத்துப்போனது.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தப் பால். காலையில் விருந்தாளுக்கெல்லாம் காபி போட இருந்த ஒரே பால், பெரிய பானை நிறைய. சித்தியைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு அம்மா கொல்லைக்குப் போனாள். திரும்பி வரும்போது பால் பொங்கி வழிந்து, அடுப்பு அணைந்து, அடுக்களை பூராவும் புகை. சித்தி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சத்தம் கேட்டு அத்தை ஓடிவந்தாள்.

"ஏட்டி, பொங்குததைப் பாத்துக்கிட்டேவா நின்ன? ஒரு வாய் ஊதியிருக்கக் கூடாதா?"

"மன்னிச்சுக்கோங்க மதினி. மெல்ல மெல்ல ஏறி வந்துச்சு. எவ்வளவு அழகா இருந்துச்சு தெரியுமா! நாலு பக்கமும் நுரை எழும்பி, ஒரு நொடி அப்படியே நின்னுச்சு மதினி. கண்ணை எடுக்க முடியல."

அத்தை ஏசுவாள் என்று நான் கதவோரம் காத்திருந்தேன். ஏசவில்லை. சித்தியை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது பயம். அதுதான் வினையாகப் போயிற்று.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னாள். "தம்பி, இந்தப் பிள்ளைக்குச் சூடு தலைக்கு ஏறிட்டு. நம்ம ஏமாந்துட்டோம். நிக்கா, பாக்கா, சிரிக்கா. வைத்தியரைக் கூப்பிடு."

வைத்தியர் வந்து நாடி பிடித்துப் பார்த்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் இதற்கு ஒரே வைத்தியம்தான். புத்தி பேதலித்தவர்களை எங்கெங்கிருந்தோ குற்றாலத்துக்குக் கூட்டிவந்து, தலையில் எண்ணெய் வைத்து, அருவிக்கு அடியில் நிறுத்துவார்கள். தண்ணீர் மண்டையில் விழ விழச் சூடு இறங்கிவிடும் என்று நம்பிக்கை. கயிறு கட்டிக் கூட்டிவரப்பட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். சித்திக்கும் அதையே சொன்னார். ஒரு மண்டலம், விடியற்காலையில், தப்பாமல்.

அத்தை கணக்காகப் பேசினாள். "ஆவணியில அவன் லீவுல வாரான். அதுக்குள்ள தெளிஞ்சுட்டா கூட அனுப்பி வைப்போம். இல்லைன்னா அவ அப்பன் வீட்டுல கொண்டு விட்டுட வேண்டியதுதான். பாஷை தெரியாத ஊருல, துப்பாக்கி பிடிக்கிறவன், இவளையும் கட்டிக் காத்துக்கிட்டு இருக்க முடியுமா?"

கதவுக்குப் பின்னால் சித்தியும் நானும் நின்றிருந்தோம். அவளுக்குப் பின்னால் கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள். பைத்தியம் என்று இவள் திரும்பிப் போனால் அந்த வீட்டு வாசலை எவன் மிதிப்பான்? அன்றைக்குப் படுக்கையில் என் காதோடு சொன்னாள். "ஏட்டி, நான் எங்கயாவது பராக்குப் பாத்துக்கிட்டு நின்னா, யாருக்கும் தெரியாம என்னைக் கிள்ளி விட்டுரு. என்ன?"

நானும் கிள்ளினேன். காபி டம்ளரை இரண்டு கையால் பிடித்தால் ஒரு கிள்ளு. ஓட்டில் சாரல் விழுகிற சத்தத்துக்குக் காது கொடுத்தால் ஒரு கிள்ளு. சித்தி கப்பென்று காபியை விழுங்கினாள், சோற்றைப் பார்க்காமல் தின்றாள், அம்மாவுக்கு ஈடாக ஓடினாள். அத்தைக்கு முன்னால் அவள் முகத்தில் ஒரு சிரிப்புக் கிடையாது. எனக்கு அழுகையாக வரும். ஆனாலும் கிள்ளுவதை விடவில்லை. அவள் போய்விடக் கூடாதே என்கிற பயம்தான்.

அருவிக்கு மட்டும் என் கிள்ளு தேவைப்படவில்லை. அம்மா அடுப்பை விட்டு நகர முடியாதென்பதால் அத்தையும் நானும்தான் துணை. முதல் பஸ்ஸில் போய், நான் பள்ளிக்கூடம் கிளம்புவதற்குள் திரும்பிவிடுவோம். அத்தை குடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டுப் படாமல் தள்ளி நின்று, "போ, தலையை நல்லாக் காட்டு" என்று அதட்டுவாள். பெண்கள் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சித்தி உள்ளே போவாள், நானும் போவேன். தொம் தொம் என்று உச்சியில் குத்துகிற தண்ணீர். மூச்சுத் திணறும், காது அடைக்கும், பக்கத்தில் இருப்பவள் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லாப் பெண்களும் கத்துகிறார்கள், எல்லாரும் வாயைப் பிளந்து சிரிக்கிறார்கள், தாசில்தார் பெண்டாட்டி முதல் கீரை விற்கிறவள் வரை. அதற்குள் நின்று சித்தியும் ஆசை தீரச் சிரிப்பாள். எவள் பைத்தியம், எவள் தெளிந்தவள் என்று அங்கே யார் பிரித்துச் சொல்ல?

ஆடி பிறந்த சமயம், தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக விழுந்த ஒரு காலையில், கூட்டம் நெருக்கியதில் சித்திக்குக் கால் வழுக்கியது. "ஏட்டி!" என்று கத்திக்கொண்டு அத்தை குடையை எறிந்துவிட்டு உள்ளே பாய்ந்தாள். சித்தியின் கையைப் பிடித்துவிட்டாள். அதே நேரம் அருவி அத்தையின் உச்சியில் விழுந்தது.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சித்தி நிமிர்ந்து நின்றுவிட்டாள், வெளியே வர எத்தனிக்கிறாள். அத்தை வரவில்லை. கொண்டை அவிழ்ந்து நரைமுடி முகத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணை இறுக மூடியிருந்தாள். தோள் இரண்டும் கீழே இறங்கின. இடுப்பில் சாவிக்கொத்து இருக்கிறதா என்று கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. எங்கள் பஸ் போயே போய்விட்டது.

மறுநாள் வீட்டில் எண்ணெய் காய்ச்சும்போது, "எனக்கும் சேத்துக் காய்ச்சு. நனைஞ்ச தலைக்குச் சளி பிடிச்சிரும்" என்றாள். அன்றைக்கும் நனைவோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. "கையைப் பிடிச்சுக்கிட்டாத்தான் ஆச்சு, இல்லைன்னா இவ வழுக்கி விழுந்துருவா" என்று அவளாகவே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டாள். அப்புறம் தினமும் அத்தை முன்னால், சித்தி பின்னால்.

குளித்து முடித்தால் அருவிக்கரைக் கடையில் சுக்குக் காபி. முதலில் எல்லாம் நின்றவாக்கில் குடித்துவிட்டு ஓடிவருவோம். ஒரு நாள் அத்தை பெஞ்சில் உட்கார்ந்தாள். ஈரப் புடவையோடு, டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்து, ஆவியில் முகத்தைக் காட்டினாள்.

"அத்தை, பஸ் வந்துரும்" என்றேன்.

"அடுத்த பஸ்ஸுல போவோம். என்ன தலை போற அவசரம்?"

இந்த வார்த்தை அத்தை வாயிலிருந்து வந்ததென்றால் எங்கள் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். சித்தி என்னை ஓரக்கண்ணால் பார்த்து, அத்தையின் தொடையைக் காட்டி, கிள்ளு என்று சைகை செய்தாள். எனக்குச் சிரிப்பில் காபி மூக்கில் ஏறிவிட்டது.

வீட்டில் அம்மா ஒற்றை ஆளாக ஆட்டுரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் ஈரத் தலையோடு உள்ளே நுழைந்தால் பாத்திரம் கொஞ்சம் பலமாகவே கீழே விழும். "வைத்தியம் முடிஞ்சுதா?" என்பாள்.

மண்டலம் முடிந்தது. அப்பா கேட்டார். "சரியாயிட்டுல்லா அக்கா? பிள்ளை இப்ப நல்லாத்தானே வேலை பாக்கா."

அத்தை கொடியில் புடவையை உதறிப் போட்டுக்கொண்டே சொன்னாள். "எங்க சரியாச்சு? வெளிய தெரியல, உள்ளுக்குள்ள அப்படியே இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் போட்டும்."

சித்தியின் முகம் செத்துப்போனது. கிணற்றடியில் போய் உட்கார்ந்து, "நான் இன்னும் என்ன செய்யணும் ஏட்டி? மரக்கட்டையா மாறணுமா?" என்று அழுதாள். சித்தப்பா வர அதிக நாள் இல்லை. அத்தை ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. பெரியவர்கள் ஒன்பது வயதை என்னவோ என்று நினைக்கிறார்கள். சித்தி தெளிந்துவிட்டால் அத்தைக்கு அருவிக்குப் போக முகாந்திரம் இல்லை. இதுதான் சங்கதி. ஆனால் அதைச் சொன்னால் என் முதுகுத் தோலை உரித்துவிடுவார்கள்.

ஆவணியில் சித்தப்பா டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். அப்பா எல்லாவற்றையும் சொல்லி வைத்திருந்தார். மத்தியானம் இலை போட்டு உட்கார்ந்தார்கள். அத்தை பரிமாறினாள். அடுக்களை நிலையில் அம்மாவும் சித்தியும் நின்றார்கள். சித்தப்பா சோற்றைப் பிசைந்தபடி, தலை நிமிராமல் கேட்டார்.

"குவார்ட்டர்ஸ் கிடைச்சிட்டு அக்கா. கூட்டிட்டுப் போலாம்னுதான் வந்தேன். இன்னும் தெளியலன்னு அண்ணன் சொல்லுதான். அப்படின்னா நாளைக்கு அவ வீட்டுல கொண்டு விட்டுருதேன். நீதான் கூட இருந்து பாத்தவ. நீ சொல்லு, அதுபடி செய்யுதேன்."

அத்தையின் கையில் குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. நிலைப்படியைத் திரும்பிப் பார்த்தாள். சித்தி அழவில்லை, கும்பிடவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"அவளுக்கு ஒண்ணும் இல்லலே" என்றாள் அத்தை.

"நீதானே அக்கா அன்னைக்குச் சொன்ன, உள்ளுக்குள்ள இருக்குன்னு?" என்றார் அப்பா.

"சொன்னேன். பொய் சொன்னேன்." அத்தை கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் போட்டாள். "அவ முத நாளே நல்லாத்தான் இருந்தா. எனக்குத்தாம்லே அருவிக்குப் போணும்னு இருந்துச்சு. உங்க அத்தான் இருந்தப்ப ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போனாவ. அதுக்கப்புறம் இத்தனை வருசமா வாரவன் போறவன் ஈரத் துண்டையெல்லாம் காயப்போட்டேன், நான் ஒரு நாள் நனையல. போணும்னு வாய்விட்டுக் கேக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. முண்டச்சிக்கு என்ன குளியல்னு எவளாவது கேப்பான்னு பயம். இவ சீக்கு எனக்கு நல்ல சாக்கா அமைஞ்சுது. அதை விட மனசு வரல."

சித்தப்பா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பிள்ளை ஒரு பழத்தை ருசிச்சுத் தின்னதுக்கு வைத்தியரைக் கூப்பிட்டோம் பாரு, நமக்குல்லா அவரைக் கூப்பிட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அத்தை முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "கூட்டிட்டுப் போ. அங்கன போயி அவ எதையாவது பாத்துக்கிட்டு நின்னா, நீயும் பக்கத்துல நின்னு பாரு. அவசரப்படுத்தாத."

சித்தி அப்போதுதான் அழுதாள். ஓடிவந்து அத்தையைக் கட்டிக்கொண்டு, குழம்பு அப்பிய கையோடு சேர்த்து, விக்கி விக்கி அழுதாள். "சரி, சரி, விடு, புடவையெல்லாம் கறையாக்காத" என்றாள் அத்தை, விடாமல் பிடித்துக்கொண்டு.

ஒரு கைம்பெண் அந்தக் காலத்தில் தம்பிமார் முன்னால் எனக்கு ஆசையாக இருந்தது என்று சொன்னாள் பாருங்கள். அதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. நாம் எல்லாரும் இன்று வரை அத்தை மாதிரி ஒரு சீக்கைச் சாக்கு வைத்துத்தான் எதையும் செய்துகொண்டிருக்கிறோம். சர்க்கரை வந்தால் நடக்கிறோம், பிரஷர் வந்தால் கண்ணை மூடி மூச்சு விடுகிறோம். டாக்டர் சீட்டு இல்லாமல் நாம் எதையாவது அனுபவித்திருக்கிறோமா? கோபப்படாதீர்கள், எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சித்தியும் சித்தப்பாவும் ரயில் ஏறிப் போனார்கள். விருந்தாள் வரத்து ஓயவில்லை, அருவியிலும் தண்ணீர் மிச்சமிருந்தது. மறுநாள் விடியற்காலையில் அத்தை எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். நான் துண்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அத்தை வாசலுக்கு வரவில்லை. நேரே அடுக்களைக்குப் போய், ஆட்டுரல் முன்னால் உட்கார்ந்திருந்த என் அம்மாவின் தலையைப் பிடித்து உச்சியில் எண்ணெயை வைத்தாள்.

அம்மா பதறிப்போனாள். "எனக்கு என்ன சீக்கு மதினி?"

"சீக்கு வந்தாத்தான் போணுமா? எந்திரி. மாவை நான் ஆட்டுதேன். பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிட்டு வா."

"அடுப்புல உலை கொதிக்கே..."

"நான் பாத்துக்கிடுதேன். மெதுவா வா."

அம்மா மாவுக் கையைக் கழுவினாள். அடுப்பைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், ஒரு மாற்றுப் புடவையை எடுத்துச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். மேலகரம் தாண்டியதும் சாரல் முகத்தில் அடித்தது. பத்து வருஷமாகத் தென்காசியில் குடித்தனம் நடத்துகிற என் அம்மா, ஒன்பது வயதுப் பிள்ளையான என் பக்கம் குனிந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்:

"அருவிக்கு எங்கன இறங்கணும் மக்கா?"